அடுத்த தெருவில் விட்ட அணில்

எங்கள் வீட்டில் எலியைக் கொல்லும் வழக்கம் இல்லை. சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், இரவு மரப்பொறியில் மசால்வடைத் துண்டைக் கோத்து வைப்போம். காலையில் எலி உள்ளே இருக்கும். அப்பா பொறியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், அடுத்த தெருச் சாக்கடையோரம் திறந்துவிட்டு வருவார். கைகால் கழுவிக்கொண்டு, "ஒரு உயிர விட்டாச்சு" என்பார். அடுத்த தெருக்காரர்களும் அதையேதான் செய்தார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. நாங்கள் பிடித்த எலிகளில் பாதி அவர்கள் கொண்டுவந்து விட்டவையாகத்தான் இருக்கும். ஆனாலும் நாங்கள் கொல்லாதவர்கள் என்ற பெருமைக்கு இரண்டு தெருவிலும் குறைச்சல் இல்லை.

அந்தப் பெருமையை நான் நியூஜெர்சி வரைக்கும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

2004-இல் பிரிட்ஜ்வாட்டரில் எங்களுக்கு ஒரு பழைய மரவீடு இருந்தது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கணவருக்கு கன்சல்டிங் வேலை; திங்கட்கிழமை காலையில் விமானம் ஏறினால் வியாழன் மாலைதான் திரும்புவார். நான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தேன். எங்களுக்கு ஏழு மாதத்தில் ஒரு மகன் இருந்தான். ஆனால் அந்த வீட்டில் அவன் இல்லை.

பிரசவத்துக்கு வந்திருந்த என் அம்மா, விசாவை ஒரு முறை நீட்டித்து, ஜனவரி நடுவில் ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது பையனையும் அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். டேகேரில் மூன்று வாரம் விட்டுப் பார்த்ததில் இரண்டு காதுவலி, ஒரு காய்ச்சல். கிரீன் கார்டு கம்பெனி வழியாக நகர்ந்துகொண்டிருந்ததால் வேலையை விட முடியாது; புது சிஸ்டம் மார்ச்சில் ரிலீஸ் ஆவதால் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. எங்களுக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் இதே மாதிரி குழந்தையை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். "எல்லாரும் பண்றதுதானே, சம்மர்ல கூட்டிட்டு வந்துடலாம்" என்று பேசிக்கொண்டோம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பெட்டியில் அவன் சட்டைகளை மடித்து வைத்தது நான்தான்.

அவன் போன பிறகும் பால் நிற்கவில்லை. வற்றுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. மீட்டிங்கில் யாராவது ஃபோனில் பின்னணியில் ஒரு குழந்தை அழுதால் போதும், என் சட்டை நனைந்துவிடும். அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். பால் வற்றும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முட்டைக்கோஸ் இலையைக்கூட உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இனி சொல்லப்போகிற அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு விஷயம் தெரியாமல் இல்லை என்பதற்காகத்தான்.

பிப்ரவரியில் அட்டிக்கில், கூரைக்கு அடியிலுள்ள பரணில், ஓட்டம் ஆரம்பித்தது. படுக்கையறைக்கு நேர் மேலே, விடிகிற நேரத்தில், யாரோ கோலிக்குண்டு உருட்டுவது போல. வெளியே போய்ப் பார்த்தால் கூரைச் சரிவுக்கு அடியில் பலகையைக் கொறித்து ஒரு முஷ்டி அளவுக்கு ஓட்டை. அதற்குள் ஒரு அணில் நுழைந்தது. நம் ஊர் அணில் இல்லை இது. சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டிப் பருமன். அட்டிக்கில் கரண்ட் வயரைக் கடித்தால் வீடே பற்றிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தினார்.

கணவரிடம் ஃபோனில் சொன்னேன்.

"முதுகுல மூணு கோடு இருக்கா?" என்றார்.

"இல்ல."

"அப்ப ராமர் கட்சி இல்ல. ஆள கூப்பிட்டு முடிச்சுடு."

"கொல்ற வேலையெல்லாம் நம்ம வீட்ல வேண்டாம்," என்றேன். அப்படியே என் அப்பா குரல்.

ஹார்ட்வேர் கடையில் ஒரு நீளமான கம்பிக் கூண்டு வாங்கினேன். உயிருக்குச் சேதமில்லாதது என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பழக்கதோஷத்தில் முதல் இரண்டு நாள் மசால்வடை வைத்தேன். அணில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் சொன்னபடி பீநட் பட்டர் தடவி வைத்ததும் ஒரு மணி நேரத்தில் கூண்டுக் கதவு விழுந்தது. அதை ஒரு பழைய துண்டால் மூடி, காரின் பின்பக்கம், காலியாக இருந்த குழந்தை சீட்டுக்குக் கீழே வைத்து, ராரிட்டன் ஆற்றைத் தாண்டி ஒரு காட்டுப் பூங்காவில் கொண்டுபோய் விட்டேன். அது மரத்தில் தாவி ஏறி மறைந்தது. நான்கு நாள் கழித்து இன்னொன்று. அதுவும் அங்கேயே.

அந்தச் சனிக்கிழமை கோவில் கேன்டீனில் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். தங்கள் வீட்டு அணிலைத் தீர்க்கப் பூச்சிமருந்துக்காரரைக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். எதிரே இருந்த ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மனசும்மா உனக்கு. இந்தப் புண்ணியம் அங்க இருக்கற உன் புள்ளைக்குப் போய்ச் சேரும்."

நான் புளியோதரையை மென்றபடி தலையாட்டினேன். கூண்டு வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டு வைத்தார்கள்.

மூன்றாவது அணில் மார்ச் கடைசியில், ரிலீஸ் வாரத்துச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. அன்று பத்து மணிக்கு ஓட்டையை அடைக்க ஆள் வருவதாக ஏற்பாடு. அவரை விட்டால் மூன்று வாரம் கழித்துத்தான் தேதி. ஒன்பதே காலுக்கு எனக்கு ஆபீஸில் ஸ்டேட்டஸ் கால் என்ற ஃபோன் மீட்டிங். காலை எட்டு மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போட்ட டெக்கின் கதவைத் திறந்தால், கூண்டில் அணில்.

முந்தைய இரண்டும் கூண்டை உடைத்துவிடுவது போல முட்டி மோதின. இது மோதவில்லை. பின்னங்காலில் எழுந்து, முன்கைகளால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதனால் வயிறு முழுக்கத் தெரிந்தது. முலைக்காம்புகள் வரிசையாக, வீங்கி, சுற்றிலும் ரோமம் தேய்ந்து வழுக்கையாக இருந்தன. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. என் உடம்பே சொல்லியது.

அங்கேயே கூண்டைத் திறந்திருக்கலாம். ஒரு கையால் தூக்குகிற கதவு அது. கூரைக்காரரிடம் இன்னொரு தேதி வாங்கியிருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு துண்டை எடுத்துப் போர்த்தினேன். கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்பது போல இருபுறமும் இழுத்து மூடினேன்.

பூங்காவில் கதவைத் தூக்கியதும் அது மரத்துக்குப் போகவில்லை. நாங்கள் வந்த சாலையோரமாகவே, வந்த திசையிலேயே ஓடியது. பயந்த பிராணி எந்தப் பக்கமும் ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது பத்துக்கு ஆபீஸில் இருந்தேன். வழியிலேயே கூரைக்காரர் செல்லில் கூப்பிட்டு, எல்லா அணிலும் வெளியே போய்விட்டதா, உள்ளே எதுவும் இல்லையே, நிச்சயம்தானே என்று கேட்டார். நிச்சயம் என்றேன். மாலை திரும்பியபோது ஓட்டை இருந்த இடத்தில் பளபளவென்று புதுத் தகடு.

புதன்கிழமை மாலை சத்தம் கேட்டது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு மெல்லிய சீறல் வருமே, அது மாதிரி. விட்டு விட்டு. டிவி சத்தத்தைக் கூட்டினேன். அப்புறம் சென்னைக்கு ஃபோன் போட்டேன்; அங்கே காலை நேரம்.

"முழிச்சிண்டானா? குடும்மா, ஒரு நிமிஷம்."

"இப்ப வேணாம்டி," என்றார் அம்மா. "உன் குரலக் கேட்டா சுத்திச் சுத்தித் தேடறான். அப்பறம் சமாதானம் பண்ண ரெண்டு மணி நேரம் ஆறது. நீ உன் வேலையப் பாரு."

சரி என்று வைத்துவிட்டேன். டிவியை நிறுத்தவில்லை.

அட்டிக் கதவு எங்கள் துணி அலமாரிக்கு உள்ளே, கூரையில் ஒரு சதுரப் பலகை. நாற்காலி போட்டுத் தள்ளினால் திறந்துவிடும். அந்த இரண்டு நாளில் எத்தனை முறை அந்த அலமாரியைத் திறந்து சட்டை எடுத்திருப்பேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வியாழன் மாலை கணவர் பெட்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போனவர் உடனே கூப்பிட்டார். "மேல என்னமோ கத்துது. கேக்கல உனக்கு?" அவர்தான் ஏறினார். இறங்கும்போது கையில், குளிருக்காகப் பரணில் பரப்பியிருக்கும் ரோஸ் நிறக் கண்ணாடிப் பஞ்சோடு ஒரு ஷூ பெட்டி. நான்கு அணில்குட்டிகள். லேசாக முடி வந்திருந்தது, கண் திறக்கவில்லை. ஒன்று விறைத்துக் கிடந்தது. மற்ற மூன்றும் அதன் மேலேயே படுத்திருந்தன.

"இதோட அம்மா எங்க?" என்றார். "கடைசியா புடிச்சியே, அது பொம்பளையா?"

"அதெல்லாம் யாரு பாத்தா," என்றேன்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்பார்கள். என்னைப் பார்த்தே சொல்லி வைத்தது போல இருக்கும்.

காட்டு விலங்குக் குட்டிகளை வளர்த்துத் திருப்பி விடுவதற்கு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு பெண்மணியை கணவர் எப்படியோ தேடிப் பிடித்தார். முக்கால் மணி நேர டிரைவ். வெள்ளிக்கிழமை காலை இருவரும் போனோம். அறுபது வயது இருக்கும் அவருக்கு. சமையலறை மேஜை முழுக்க துணி, சிரிஞ்ச், சூடு செய்யும் மெத்தை. உட்காரச் சொல்லிவிட்டு ஒரு ஃபாரத்தை எடுத்தார். எங்கே கிடைத்தன, தாயைப் பார்த்தீர்களா, தாய் போய் எத்தனை மணி நேரம் ஆகிறது.

இந்த மாதத்தில் எல்லா வருடமும் இப்படித்தான், என்றார். நல்லெண்ணத்தில் தாயைப் பிடித்துத் தூரத்தில் விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்ய இந்த மாநிலத்தில் அனுமதியும் கிடையாது. அதற்காக அவர் யாரையும் திட்டப்போவதில்லையாம். எத்தனை மணி நேரம் என்பது மட்டும் சரியாகத் தெரிய வேண்டும். அரை நாள் என்றால் சீக்கிரம் பால் கொடுக்கலாம். மூன்று நாள் பட்டினி என்றால் பால் விஷம் மாதிரி. முதலில் சொட்டுச் சொட்டாக உப்பு நீர்தான்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நேற்று சாயங்காலத்திலிருந்து," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "தாயைப் பார்க்கவே இல்லை."

அவர் ஒரு குட்டியின் முதுகுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். தோல் அப்படியே மடிந்து நின்றது. "நேற்றா?" என்றார். "ஆமாம்," என்றேன். எழுதிக்கொண்டார். எழுபத்திரண்டு மணி நேரத்தை நான் பன்னிரண்டாக்கிவிட்டேன். அந்த மூன்று குட்டிகளுக்கும் எஞ்சியிருந்த ஒரே வாய்ப்பு அந்த ஒரு எண்தான் என்பது தெரிந்தே செய்தேன். ஒரு முன்பின் தெரியாத அம்மாள் என்னைக் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு அப்போது முக்கியமாக இருந்தது.

அவர் மெத்தையைச் சரிசெய்யும்போது ஒரு குட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வாங்கி, உள்ளங்கையில் மல்லாத்தி, ஒரு விரலைத் தலைக்கு அடியில் கொடுத்து ஏந்திக்கொண்டேன். நான் அதை நினைத்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?"

"இல்லை," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடம் என்னைக் கேட்டிருக்கிறேன். இருக்கிறது என்றால் அடுத்து, எத்தனை வயது, யாரிடம் விட்டு வந்தீர்கள் என்று கேட்பார். அந்த ஃபாரத்தில் இன்னொரு கட்டத்தை நிரப்ப என்னால் முடியவில்லை. பக்கத்தில் நின்ற கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாள் காலி ஷூ பெட்டியை எங்களிடம் திருப்பிக் கொடுக்கக் கார் வரை வந்தார். பின்கதவைத் திறந்து வைக்கப் போனவர், அங்கே வார் மாட்டியபடி இருந்த குழந்தை சீட்டைப் பார்த்தார். வாரில் நீலக் கிலுகிலுப்பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால்கூட இவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்திருக்காது. பெட்டியை அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் பதமாக வைத்துவிட்டு, பத்திரமாக ஓட்டுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தோம். கராஜில் வண்டியை நிறுத்திவிட்டு கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இல்லேன்னு சொல்லிட்டியே," என்றார். கோபமாகக்கூட இல்லை.

உள்ளே போய் அந்த அம்மாளுக்கு ஃபோன் செய்தேன். ஆன்சரிங் மெஷின்தான் எடுத்தது. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி என்றேன். நான்தான் பிடித்தேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டேன் என்றேன். பால் கொடுக்கிற தாய் என்று பார்த்தேன், பார்த்துத்தான் செய்தேன் என்றேன். வைக்கப் போனவள் மறுபடி எடுத்து, எனக்கு ஒரு மகன் இருக்கிறான், ஒன்பது மாதம் ஆகிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் எங்கள் மெஷினில் பதில் இருந்தது. நான் சொன்னதற்கு நன்றி. தோலைப் பார்த்தே சந்தேகம் வந்ததால் அவர் பால் கொடுக்கவில்லையாம். இருந்தும் இரண்டு குட்டிகள் பிழைக்கவில்லை. ஒன்று மட்டும் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. என் மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இந்த இடத்தில் நான் அன்றே டிக்கெட் போட்டுச் சென்னைக்குப் பறந்தேன் என்று எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். போடவில்லை. ஏப்ரலில் ரிலீஸில் வந்த கோளாறுகளைச் சரிசெய்தோம். சம்மரில் இரண்டாவது ரிலீஸ். அப்புறம் அம்மாவுக்கு விசா நேர்காணல் தேதி கிடைக்கவில்லை. அப்புறம் டிக்கெட் கிடைக்கவில்லை. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். கூண்டை மட்டும் கோவிலில் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. உடைந்துவிட்டது என்றேன்.

டிசம்பர் நடுவில் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போது அவனுக்குப் பதினெட்டு மாதம். இரண்டு வாரம் என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. அவன் எவ்வளவு நாள் அங்கே இருந்தான் என்று டாக்டர் கேட்டபோது, "ஒரு மூன்று மாதம்" என்றேன். டேகேரிலும் அதையே சொன்னேன். பிறகு அதுவே வீட்டில் கதையாகிவிட்டது. சின்ன வயசுல கொஞ்ச நாள் பாட்டிகிட்ட இருந்தான்.

2009-இல் அவன் முதல் வகுப்பில் இருந்தபோது, பிறந்ததிலிருந்து நடந்ததை எல்லாம் கட்டம் கட்டமாக ஒட்டி வரச் சொன்னார்கள். சாப்பாட்டு மேஜையில் சார்ட் பேப்பரைப் பரப்பி, ஃபோட்டோக்களைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பையன் நான் தமிழில் பேசினால் புரிந்துகொள்வான், பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"வேர் இஸ் திஸ்?" ஒரு ஃபோட்டோவை நீட்டினான்.

"சென்னை. பாட்டி வீடு."

"அண்ட் திஸ்? அண்ட் திஸ்?" ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். உட்காருகிறான், நிற்கிறான், நடக்கிறான். ஒன்றிலும் நான் இல்லை. "ஹவ் லாங் வாஸ் ஐ தேர்?"

"கொஞ்ச நாள்டா கண்ணா."

"மாம், ஐ நீட் எ நம்பர்." கட்டத்தின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

குழாய்ச் சத்தம் நின்றது. கணவர் திரும்பவில்லை.

"பதினொரு மாசம்," என்றேன்.

பதினொன்றுக்கு இரண்டு கோடு போட்டான். அழுத்தி, நேராக. அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டான். "டிட் யூ கம் அண்ட் கெட் மீ?"

"இல்ல. பாட்டிதான் கூட்டிட்டு வந்தாங்க. நான் வரல."

"ஓகே," என்றான். அவனுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. பசை டப்பாவை என் பக்கம் தள்ளினான். மூடி இறுகிப் போயிருந்தது. திறந்து கொடுத்தேன்.